காருக்கு ஏற்ற சாக்கெட்: சூடு எங்கே பிறக்கிறது?

தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலும் மின்சார காரும் ஒரு சாக்கெட்டிலிருந்து ஏறக்குறைய ஒரே அளவு மின்னோட்டத்தை இழுக்கலாம். ஆனால் கெட்டில் நாலைந்து நிமிடத்தில் அணைந்துவிடும். காருக்கு 30 யூனிட் ஏற்ற வேண்டுமானால், 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் வீதம், எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கெட்டிலிடம் தப்பித்த குறை காரிடம் தப்பாது.

அந்தக் குறை பெரும்பாலும் பிளக்கின் உலோக முனையும் சாக்கெட்டின் உள்கவ்வியும் தொடும் இடத்தில்தான் இருக்கும். எவ்வளவு வழவழப்பான உலோகமும் நுண்ணிய அளவில் மேடுபள்ளம்தான். மேடும் மேடும் முட்டும் சில புள்ளிகள் வழியாகவே மொத்த மின்னோட்டமும் போகிறது. கவ்வி இறுக்கிப் பிடித்தால் மேடுகள் நசுங்கித் தொடும் பரப்பு கூடும், மின்தடை குறையும். பிடி தளர்ந்தால் தடை ஏறும்.

மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வெப்பத்தின் அளவு கிடைக்கும். தொடும் இடத்தில் தடை 0.1 ஓம்தான் என்று வைத்துக்கொள்வோம். 16 × 16 × 0.1 = 25.6 வாட். ஈயத்தை உருக்கும் சிறிய சால்டரிங் அயர்னுக்கு அவ்வளவுதான் தேவை. அது ஒரு மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இரவு முழுக்க சூடாகிக்கொண்டிருந்தால்? உலோகத்தின் மேல் ஆக்சைடு படியும், கவ்வியின் விறைப்பு போகும், தடை இன்னும் ஏறும், சூடும் அதோடு ஏறும்.

வீட்டு மின்பெட்டியில் தானாக விழும் சுவிட்சான எம்.சி.பி. இதைத் தடுக்காதா என்று கேட்கலாம். தடுக்காது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். மின்னோட்டம் அளவு மீறினால்தான் எம்.சி.பி. விழும், இங்கே ஓடுவது அதே 16 ஆம்பியர். ஆர்.சி.டி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் மின்கசிவைப் பார்க்கிறது, இங்கே கசிவே இல்லை. இரண்டும் கட்டாயம் வேண்டும், ஆனால் வேறு ஆபத்துகளுக்காக. சில சார்ஜர்களின் பிளக்கில் வெப்ப உணரி இருக்கும். அது இல்லையென்றால் சாக்கெட்டின் தரம்தான் காவல்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? பிளக்கைச் செருகி இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் பலம் கொடுத்தால்தான் வர வேண்டும். உள்கவ்வி தடிமனாக இருக்கட்டும். சாதாரண பித்தளையைவிட பாஸ்பர் வெண்கலம் விறைப்பை நெடுநாள் காக்கும். பின்பக்கம், கம்பியைத் தகடு வைத்துத் திருகால் இறுக்கும் டெர்மினலையே நான் தேர்ந்தெடுப்பேன். அங்கே ஒரு திருகு தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். கார் சார்ஜிங்குக்கென்றே, பல மணி நேரத் தொடர் சுமையில் சோதித்த சாக்கெட்டுகளும் உண்டு. கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதற்குத் தனி இணைப்பு இழுக்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், காரிலோ சார்ஜரிலோ மின்னோட்டத்தைக் குறைக்க வழியிருந்தால் 10 ஆம்பியரில் வையுங்கள். நேரம் கூடும், ஆனால் தொடும் இடத்தில் பிறக்கும் வெப்பம் 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். வர்க்கக் கணக்கு இந்த முறை நமக்குச் சாதகம்.

முதல் நாள் ஒரு மணி நேரம் ஓடியதும் சார்ஜிங்கை நிறுத்திவிட்டு பிளக்கின் மேற்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடோ, கருகல் வாடையோ, பழுப்பு நிறமோ தெரிந்தால் அந்த சாக்கெட்டை மாற்றியாக வேண்டும். கூடவே பிளக்கையும் மாற்றுங்கள்; கருகிய உலோக முனை புதுக் கவ்வியையும் சீக்கிரமே கெடுத்துவிடும்.