வண்டிக்கு எப்போது தண்ணி காட்டுவது?

காலை ஏழு மணிக்குச் சிங்கப்பூரில் ஒரு காண்டோ குடியிருப்பிலிருந்து அழைப்பு. "அண்ணே, நேத்து ராத்திரி பக்கிக்கு நல்லா தண்ணி காட்டிட்டுத்தான் சார்ஜ் போட்டேன். இப்ப பார்த்தா அடியில ஆசிட் ஒழுகுது." பேசியது அங்கே துப்புரவு வேலை பார்க்கும் புதுக்கோட்டைத் தம்பி. பக்கி என்பது பேட்டரியில் ஓடும் சிறு வண்டி. அதன் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதைத்தான் தண்ணி காட்டுவது என்கிறார். ஊரில் மாட்டுக்குத் தண்ணி காட்டிய பழக்கம் போல. வேலைக்கு முன்னால் வயிறு நிரம்ப வைத்துவிட்டார்.

2019இல் புக்கிட் பாத்தோக் வீட்டில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு இங்கே மின்ஸ்கூட்டர் என்றால் எல்லோருக்கும் பயம். 2020 ஜூலையிலிருந்து யூஎல்2272 என்ற தீப் பாதுகாப்புத் தரச்சான்று இல்லாத ஸ்கூட்டரைப் பொதுப்பாதையில் ஓட்டவே முடியாது. ஆனால் காண்டோவிலும் பூங்காவிலும் குப்பையும் செடியும் ஏற்றிச் செல்லும் பக்கியைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அதன் இருக்கைக்கு அடியில் பெரும்பாலும் பழைய ஈய ஆசிட் பேட்டரிதான் இருக்கும். 8 வோல்ட் பேட்டரி ஆறு, மொத்தம் 48 வோல்ட். அதற்கென்று தனிக் குணம் உண்டு.

சார்ஜ் ஏறும்போது உள்ளே இருக்கும் திரவம் சூடாகி விரியும், குமிழும் விடும். அதனால் மட்டம் உயரும். முன்பே விளிம்புவரை ஊற்றியிருந்தால் மூடி வழியாகப் பொங்கி வழிவது ஆசிட்தான். போன ஆசிட் போனதுதான். பிறகு தண்ணீர் ஊற்றினால் மட்டம் சரியாகும், பலம் திரும்பாது. அதனால் முதலில் முழுதாகச் சார்ஜ், அப்புறம் தண்ணீர். உள்ளே தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும், சார்ஜுக்கு முன் அவை நனையும் அளவுக்குக் கொஞ்சம் ஊற்றலாம். சார்ஜ் முடிந்த பிறகு மூடித்துளையில் இறங்கும் குழாயின் அடிக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் கீழே வரை நிரப்பினால் போதும்.

சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாமே, அதை ஊற்றினால் என்ன என்று கேட்பார்கள். மனிதர் குடிக்கலாம், பேட்டரிக்கு ஆகாது. அதில் உள்ள உப்புகள் தகட்டைக் கெடுக்கும். ஏர்கான் சொட்டுத் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அதில் தூசியும் உலோகமும் கலந்திருக்கும். கடையில் டிஸ்டில்ட் வாட்டர் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

அன்று ஒழுகிய இடத்தில் ஆப்ப சோடாவைத் தூவி, நுரை அடங்கியதும் கழுவினோம். கையுறையும் கண்ணாடியும் போட்ட பிறகுதான் தொட்டோம். கண்ணில் பட்டுவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்கவேண்டும். அதற்குள் பக்கத்தில் இருப்பவர் ஆம்புலன்சுக்கு 995ஐ அழைக்கட்டும்.

ஆசிட்டைவிட எனக்குக் கவலை தந்தது அந்த அறை. மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டோர், கதவின் அடியில் மட்டும் காற்று போகும் பட்டைத் துவாரம். சார்ஜ் 80 சதவீதத்தைத் தாண்டும்போது பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் 2.4 வோல்ட்டை நெருங்கும். அப்போது தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் கிளம்பும். நிறமில்லை, வாசனையில்லை. காற்றைவிட 14 மடங்கு லேசு என்பதால் நேரே மேலே போய்க் கூரைக்கடியில் தங்கும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும் பற்றிக்கொள்ள. அடியில் துவாரம் வைத்து என்ன பயன்?

பொறி எங்கிருந்து வரும்? நம் கையிலிருந்துதான். அவசரத்தில் சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டிப்பக்கம் பிளக்கைப் பிடுங்குவோம். சுவர் சுவிட்சை முதலில் அணைத்துவிட்டு வண்டியிலிருந்து கழற்றுங்கள். போடும்போது முதலில் வண்டியில், கடைசியில் சுவிட்ச். இருக்கையைத் தூக்கி வைத்துவிட்டே சார்ஜ் செய்யுங்கள். டெர்மினலை, அதாவது பேட்டரி முனையை, முறுக்கும் ஸ்பேனரின் பிடிக்கு டேப் சுற்றுங்கள். மோதிரம், காப்பு எல்லாம் கழற்றிவிடுங்கள். இரண்டு முனையையும் உலோகம் தொட்டால் அது நொடியில் பழுத்துவிடும்.

அழுகிய முட்டை வாடை வந்தால் ஏதோ ஒரு செல் போய்விட்டது அல்லது சார்ஜர் நிற்காமல் ஏற்றுகிறது. தலையை உள்ளே விட்டுப் பார்க்காதீர்கள். சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

இன்னொன்று, எக்ஸ்டென்ஷன். நம் 13 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தாங்குவது சுமார் 3 கிலோவாட். ஒரு சார்ஜர் 1.1 கிலோவாட் இழுத்தால் மூன்றை ஒரே பலகையில் சொருகக்கூடாது என்பது கூட்டல் கணக்குதான். லித்தியம் பேட்டரிக்கு மாறியவர்கள் பழைய சார்ஜரைக் கடாசிவிடுங்கள். இரண்டுக்கும் ஒத்துவராது.

நிர்வாகத்திடம் மேலே துவாரம் போடச் சொன்னேன். "கொசு வருமே, டெங்கி வேறு" என்றார்கள். நியாயமான பயம்தான். பத்து நாள் கழித்துப் போனேன். கூரைக்கடியில் துவாரம் போட்டுக் கொசுவலை அடித்திருந்தார்கள். காற்றை வெளியே தள்ளும் விசிறி மட்டும் இன்னும் வரவில்லை, அதனால் தம்பி கதவைத் திறந்துவைத்துத்தான் சார்ஜ் போடுகிறார்.