மெலிந்துவிட்டால் மட்டும் சர்க்கரை இறங்கிவிடாது

காரைக்குடி வட்டாரத்தில் சர்க்கரை நோய்க்கு மருத்துவம் பார்த்துவரும் எனக்கு, அண்மையில் வந்த ஓர் ஆச்சியைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அறுபதைத் தாண்டியவர். ஓராண்டில் எடை 58 கிலோவிலிருந்து 50 கிலோவுக்கு இறங்கியிருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவோ 7.6-லிருந்து 8.8-க்கு ஏறியிருந்தது. சிங்கப்பூரிலிருக்கும் மகன் தொலைபேசியில், "அம்மா சோத்தையே விட்டுட்டாங்க, நல்லா மெலிஞ்சிட்டாங்க. அப்புறமும் ஏன் டாக்டர் சுகர் இறங்கல?" என்று கேட்டார். ஆச்சியை நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழச் சொன்னேன். இருமுறை முயன்றும் முடியாமல், முழங்கால்களில் கைகளை அழுத்திக்கொண்டுதான் எழுந்தார். கெண்டைக்கால் சுற்றளவு 29 செ.மீ. இருந்தது. ஆசியப் பெண்களுக்கு அது 33-க்குக் கீழே இருந்தாலே தசை இழப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்சுலின் நன்றாகச் சுரந்திருக்கும் வேளையில் ரத்தத்திலிருந்து எடுக்கப்படும் குளுக்கோஸில் மிகப் பெரும்பங்கு எலும்புத் தசைகளுக்குத்தான் போகிறது. ஆய்வுக்கூட அளவீடுகளில் இது 80 விழுக்காடு வரை காணப்பட்டிருக்கிறது. கல்லீரல் கிளைக்கோஜனாக, அதாவது குளுக்கோஸின் சேமிப்பு வடிவமாக, வைத்திருப்பது சுமார் 100 கிராம் என்றால், வளர்ந்த ஒருவரின் தசைகள் 400 கிராம் அளவுக்குச் சேமிக்கும். இதைவிட முக்கியமான செய்தி, தசை சுருங்கி விரியும்போது இன்சுலினின் உதவியில்லாமலே குளுக்கோஸை உள்ளிழுத்துக்கொள்கிறது என்பதுதான். இன்சுலின் சரியாக வேலை செய்யாத நோயாளிக்கும் திறந்திருக்கும் வழி இது. அதன் பயன் ஓரிரு நாள் நீடிக்கும் என்பதால்தான் உடற்பயிற்சியில் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்கிறோம்.

எடை குறைந்தால் சர்க்கரை குறையும் என்பது தொந்தியும் உடற்பருமனும் உள்ளவர்களுக்கு உண்மை. அதை ஒல்லியான முதியவர்களும் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எடை பார்க்கும் கருவிக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றுதான். பயிற்சியில்லாமல் பட்டினியால் மட்டும் எடையைக் குறைத்தால், இழப்பதில் ஏறத்தாழ கால் பங்கு கொழுப்பல்லாத திசுவாக இருக்கும். புரதமும் போதாத முதியவருக்கு இது இன்னும் கூடலாம். "நான் ஒல்லி, எனக்கு எப்படிச் சர்க்கரை வரும்?" என்ற கேள்வியும் இதே தவற்றின் மறுபக்கம்தான். கையும் காலும் மெலிந்து வயிற்றுக்குள் மட்டும் கொழுப்பு சேரும் உடலமைப்பு நம் நாட்டவரிடம் மிகுதி. அவர்கள் கண்ணுக்கு ஒல்லியாகத் தெரிந்தாலும் சர்க்கரையை ஏற்றுக்கொள்ளும் தசை அவர்களிடம் குறைவு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் இன்சுலின் பற்றாக்குறை முற்றினால் அதுவே தசையைக் கரைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரணமின்றி எடை இறங்குகிறவரைப் பாராட்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். காசநோய், தைராய்டு, கணையம் ஆகியவற்றையும் நாங்கள் பார்த்தாக வேண்டும்.

இவ்வூர்ப் பெரிய வீடுகளில் வாசல் பக்கமான முகப்பிலிருந்து உள்ளே இருக்கும் ரெண்டாங்கட்டுக்குப் போய் வருவதும், முற்றத்தைச் சுற்றிய வளவில் தரையில் உட்கார்ந்து எழுவதும் ஒரு காலத்தில் தாமாகவே பயிற்சியாக அமைந்திருந்தன. இன்று பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். உதவிக்கு வைத்திருக்கும் பெண் காப்பி, மாத்திரை, தட்டு எல்லாவற்றையும் நாற்காலிக்கே கொண்டுவந்து தருகிறார். அன்பினால் செய்கிறார்கள் என்பது தெரியும். ஆனால் படுத்தே கிடக்கும் சில நாட்களிலேயே தசை இன்சுலினுக்குச் செவிசாய்ப்பது குறைந்துவிடுகிறது என்பதை வீட்டார் தயவுசெய்து உணர வேண்டும்.

சோற்றை விட்ட ஆச்சி சாப்பிட்டது என்ன என்று விசாரித்தால், காலையில் நீர்த்த கஞ்சி, மாலையில் தேநீருடன் ரொட்டி. சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொன்னதால், வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறிய கவுனியரிசி இரவில். புரதம் எங்கே? சிறுநீரகக் கோளாறு இல்லாத முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நாள்தோறும் வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். பருப்பு, பயறு, சுண்டல், மோர், மீன் என்று மூன்று வேளைக்கும் பிரித்துச் சேருங்கள்.

நடப்பது நல்லது, நடப்பது மட்டும் போதாது. வாரத்தில் 2 அல்லது 3 நாள் தசைக்குச் சுமை தரும் பயிற்சி வேண்டும். நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். ஐந்து முறை எழுந்து உட்காரவே 12 விநாடியோ அதற்கு மேலோ ஆகிறதென்றால் அடுத்த முறை வரும்போது எங்களிடம் சொல்லுங்கள். வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். சுவரில் உள்ளங்கைகளை ஊன்றித் தள்ளுங்கள். சாப்பிட்டதும் சாயாமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். தொலைக்காட்சி முன்னால் அரை மணிக்கு ஒருமுறையாவது எழுந்திருங்கள்.

விழித்திரையில் ரத்தக்கசிவு உள்ளவர்கள் மூச்சைப் பிடித்து எடை தூக்கவே கூடாது. பாதத்தில் புண்ணோ மரத்துப்போன உணர்வோ, நெஞ்சில் இறுக்கமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போதும் அன்றிரவிலும் சர்க்கரை தாழக்கூடும். வியர்த்து, கை நடுங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து உடனே குடித்துவிட்டு, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் அளந்து பாருங்கள்.