உடம்பு அங்கே, வாய் இங்கே

பவளப்பாறை இடுக்கில் நிற்கும் இறாலைப் பிடிப்பது லேசான வேலை இல்லை. பாய்ந்து வந்தால், மீன் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீரே முன்னால் போய்த் துப்புக் கொடுத்துவிடும். சரி, வாயைத் திறந்து உறிஞ்சலாம் என்றால், அந்த இழுப்பு வாய்க்கு மிக அருகில்தான் பலிக்கும்.

ராஸ் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்லிங்ஜா ராஸ் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒன்றும் தெரியாததுபோல் மெதுவாக மிதந்து வரும். திடீரென்று வாய் மட்டும் குழாய் போல் நீண்டு, இரையை உறிஞ்சிக்கொண்டு திரும்பிவிடும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. நீளும் தூரம், தலையின் நீளத்தில் 65 சதவீதம்! ஸ்லிங் என்றால் கவண், ஜா என்றால் தாடை. கவண் கல் திரும்பி வராது, இந்தத் தாடை வந்துவிடும். அந்த அளவில் பெயர் கொஞ்சம் பிசகுதான்.

செங்கடலிலிருந்து ஹவாய் வரை வாழும் இந்த மீன் அரை மீட்டருக்குச் சற்று மேல் வளரும். எபிபுலஸ் இன்சிடியேட்டர் என்பது அறிவியல் பெயர். இன்சிடியேட்டர் என்ற லத்தீன் சொல்லுக்குப் பதுங்கித் தாக்குபவன் என்று பொருள்.

மேல்தாடையை நீட்டும் மீன்கள் ஏராளம். இதில் கீழ்த்தாடையும் சேர்ந்து முன்னால் போகிறது என்பதுதான் விசேஷம். பெரும்பாலான மற்ற மீன்களில் கீழ்த்தாடையின் கீல், கன்னத்து எலும்பில் இறுகப் பதிந்திருக்கும். தாடை கதவு போல் திறந்து மூடலாம், இடம் மாற முடியாது. இங்கோ அந்தக் கீலைத் தாங்கும் எலும்பே மெலிந்து, நீண்டு, ஊஞ்சல் போல் ஆடுகிறது. செவுள் மூடியின் அடியில் உள்ள எலும்புப் பட்டையை மண்டையோட்டின் முன்பகுதியோடு இணைக்கும் தசைநார் ஒன்றும் உண்டு. வேறு மீன்களில் அது இல்லை. மீன் தலையை நிமிர்த்திச் செவுள் மூடியைச் சுழற்றும்போது, இந்த எலும்புகள் சுமார் 100 டிகிரி திரும்பி, தாடையை முன்னே தள்ளிவிடுகின்றன.

இவ்வளவுக்கும் தனியாக ஒரு தசை இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். வெஸ்ட்னீட், வெயின்ரைட் என்ற இரு ஆய்வாளர்கள் தசைகளின் மின்துடிப்பைப் பதிவுசெய்து, அதிவேகப் படமும் எடுத்து 1989இல் ஆய்வை வெளியிட்டார்கள். தசைகள் பெரும்பாலும் சாதாரண ராஸ் மீனுடையவை. அவை இயங்கும் வரிசையும் பழையதே. அதே இழுப்புதான், எலும்பும் தசைநாரும் மட்டும் வடிவம் மாறியிருக்கின்றன.

வாய் மூடிய நிலையிலும் இதை அடையாளம் காணலாம். மடங்கிய கீழ்த்தாடையின் பின்முனை, தலைக்கு அடியில் செவுள் மூடிவரை நீண்டு கிடக்கும்.