வெக்‌ஷன்: தன்னகர்வு மயக்கம்

நாம் உட்கார்ந்திருக்கும் ரயில் நிற்கிறது. பக்கத்துத் தண்டவாளத்து வண்டி மெல்ல நகர, நம் வண்டிதான் கிளம்பிவிட்டது என்று உடம்பே நம்பிவிடுகிறது. நகராமலே நகர்வதாக எழும் இந்த உணர்வுக்கு உளவியலில் ‘வெக்‌ஷன்’ என்று பெயர்.

லத்தீனில் ‘வெஹெரே’ என்றால் சுமந்து செல்லுதல். ‘வெக்‌ஷன்’, ஆங்கில ‘வெஹிகிள்’ இரண்டும் இதிலிருந்து கிளைத்தவை. நாம் புழங்கும் ‘வாகனம்’ என்ற வடசொல்லும் அதே இந்தோ-ஐரோப்பிய வேரைச் சேர்ந்ததுதான். 1875-இல் ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் இந்த அனுபவத்தை விரிவாக ஆராய்ந்து எழுதினார். பெயர் அப்புறம் வந்தது, 1930 வாக்கில், ஜெர்மன் மொழி ஆய்வுகளில்.

தமிழில் இதைக் ‘காட்சி மயக்கம்’ என்று எழுதிவிடத் தோன்றும். அது போதாது, ஏனென்றால் இது கண்ணோடு முடிகிற விஷயமில்லை. உட்காதில் பக்கத்துக்கு மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உண்டு. தலை திரும்பும்போது அவற்றிலுள்ள திரவம் சற்றுப் பின்தங்கி உணர்செல்களைத் தூண்டும். ஆனால் அவை அறிவது வேக மாற்றத்தை மட்டுமே. இருட்டில் ஒரே வேகத்தில் சுழலும் நாற்காலியில் அமர்ந்தால், ஏறத்தாழ அரை நிமிடத்தில் சுற்றும் உணர்வு அடங்கிவிடும். சீரான ஓட்டமும் சும்மா இருப்பதும் உட்காதுக்கு ஒன்றுதான். அந்த இடைவெளியில்தான் கண்ணும் தொடுவுணர்வும் புகுந்து முடிவெடுக்கின்றன. உட்காதின் செயல்பாட்டை இழந்தவர்களுக்கு இந்த மயக்கம் இன்னும் சீக்கிரம் வருகிறது. ‘நகரவில்லை’ என்று மறுக்க அங்கே ஆளில்லை.

தொடுதலின் வலிமையைக் காட்டிய சோதனை 1977-இல் ஜெர்மன் நரம்பியலாளர் பிரான்ட்டும் அவருடைய சகாக்களும் செய்தது. கும்மிருட்டு. நாற்காலி அசையாது. சுற்றிலும் ஒரு பெரிய உருளை சுழல்கிறது. அமர்ந்திருப்பவர் கையை நீட்டி உள்ளங்கையை அதன் உட்சுவரில் வைக்கிறார். கை சுவரோடு போகிறது, தோள்மூட்டு திரும்புகிறது. சிறிது நேரத்தில் எல்லாம் மாறிவிடுகிறது: சுவரும் கையும் நிற்பது போலவும், தன் உடல் எதிர்ப்பக்கம் சுழல்வது போலவும் அவர் உணர்கிறார். உண்மையிலேயே சுழல்பவருக்குப் போல அவருடைய கண்விழிகளும் வெட்டி வெட்டி அசைகின்றன. பார்ப்பதற்கு எதுவுமே இல்லாத இருட்டில் நடக்கும் இதைக் காட்சி என்று எப்படிச் சொல்வது?

‘தலைசுற்றல்’ என்றும் சொல்லக் கூடாது. அது வெர்டிகோ, மருத்துவரிடம் சொல்லவேண்டிய உபாதை.

என் தேர்வு ‘தன்னகர்வு மயக்கம்’. தன் + நலம் = தன்னலம் ஆவது போல, தன் + நகர்வு = தன்னகர்வு. மயக்கம் என்றதும் நினைவிழப்புதானே என்று சிலர் தயங்கலாம். தயங்க வேண்டாம், திணை மயக்கம், உருபு மயக்கம் என்று ஒன்று மற்றொன்றின் இடத்தில் நிற்பதற்கு இலக்கணம் நெடுங்காலமாக ஆள்வது இந்தச் சொல்லைத்தான். மெய்யாக நகரும்போது எழுவது ‘தன்னகர்வு உணர்வு’. வகை சொல்லவேண்டுமானால் முன்னொட்டுப் போதும்: ரயிலில் வருவது பார்வைவழித் தன்னகர்வு மயக்கம், உருளைச் சோதனையில் வந்தது தொடுவழித் தன்னகர்வு மயக்கம்.