தமிழில் தேடினால் மேலே வருவது யார் எழுதியது?

பெங்களூரின் அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஒரு வாக்காளர் வேட்பாளர் பெயரைத் தமிழில் தட்டித் தேடுகிறார். கன்னடத்தில் அந்தப் பெயருக்குப் பக்கம் பக்கமாகச் செய்தி கிடைக்கும். தமிழில் நாலைந்து தேறினால் அதிகம். வார்டு அளவுக்கு இறங்கினால் அதுவும் இருக்காது. முடிவுகளை வளைக்கிறவர்கள் குறிவைப்பது இப்படிப் போட்டியே இல்லாத சொற்களைத்தான். ஆய்வாளர்கள் மைக்கேல் கோலெபியெவ்ஸ்கியும் டானா பாய்டும் 2018இல் இதற்கு வைத்த பெயர் 'டேட்டா வாய்டு', தகவல் வெற்றிடம்.

எழுத்துக்கூட்டல் அந்த வெற்றிடத்தை இன்னும் பெரிதாக்குகிறது. 'கவுடா', 'கௌடா', 'கௌட' மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். செய்தித்தாள் ஒரு விதமாக எழுதியிருக்கும், வாக்காளர் வேறு விதமாகத் தட்டுவார். யாரும் தொடாத எழுத்துக்கூட்டலில் ஒருவர் பத்துப் பக்கம் எழுதிப் போட்டால், முதல் திரையை அவரே பிடித்துவிட முடியும்.

2003இல் 'மிசரபிள் ஃபெயிலியர்' (படுதோல்வி) என்று தேடினால் ஜார்ஜ் புஷ்ஷின் வெள்ளை மாளிகைப் பக்கம் வரும்படி பலர் சேர்ந்து லிங்க் கொடுத்தார்கள். 2007 ஜனவரியில் கூகுள் அந்த வழியை அடைத்தது. இப்போது நடப்பது வேறு. புதுப்பிக்காமல் விட்ட பழைய டொமைன் (இணைய முகவரி) ஒன்றை வாங்குவார்கள், ஒரு பள்ளியுடையதோ அறக்கட்டளையுடையதோ. அதற்கு ஏற்கெனவே வந்த லிங்குகளின் பலத்தில் பிரச்சாரக் கட்டுரை மேலே ஏறும். 2024 மார்ச்சில் கூகுள் இதை ஸ்பேம் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் வாக்குப்பதிவு முடிந்த பிறகு பக்கத்தை நீக்கி யாருக்கு என்ன பயன்?

தேர்தல் ஆணைய விதியிலும் ஓர் இடைவெளி உண்டு. இணையத்தில் காசு கொடுத்துப் போடும் அரசியல் விளம்பரத்துக்கு முன்சான்று வேண்டும். சொந்த வலைப்பதிவிலோ கணக்கிலோ எழுதும் பதிவை ஆணையம் விளம்பரமாகக் கருதுவதில்லை. தேடலில் மேலே ஏற்றும் வேலைக்கு மவுசு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயரைத் தட்டும்போதே 'வழக்கு', 'ஊழல்' என்று கீழே வருவது தீர்ப்பு அல்ல; மற்றவர்கள் தேடியதிலிருந்து வரும் ஊகம். வழக்கு உண்டா என்று அறிய, ஆணையத்தின் தளத்தில் வேட்பாளரின் உறுதிமொழிப் பத்திரமான படிவம் 26ஐப் பாருங்கள். குற்ற வழக்கு, சொத்து, கடன் எல்லாம் அதில் இருக்கும். பெயரோடு தந்தை பெயரையும் ஒப்பிடுங்கள்; ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் நிற்பது சகஜம்.

ஒரு கட்டுரை சந்தேகம் தந்தால் அதிலிருந்து முழு வாக்கியம் ஒன்றை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். அதே வாக்கியம் ஆறு தளங்களில் வந்தால், ஆறு பேர் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முடிவின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் அந்தத் தளத்தைப் பற்றிய விவரம் வரும். போன மாதம் பிறந்த 'செய்தித்தளம்' அங்கேயே பிடிபட வாய்ப்பு உண்டு.

புகார் கொடுப்பதில் பலர் தவறுவது ஒன்று. தேர்தல் விதிமீறலைப் புகார் செய்ய ஆணையம் தரும் சி-விஜில் வசதி, அதற்குள்ளேயே பதிவு செய்ததைத்தான் ஏற்கும். கேலரியில் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்டை அதில் ஏற்ற முடியாது. வாக்காளர் உதவி எண் 1950க்கு அழையுங்கள், அல்லது தேர்தல் நடத்தும் அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் தேடிய சொல், முழு முகவரி, தேதி, நேரம் நான்கும் தெரிய வேண்டும். முகவரி வெட்டுப்பட்ட படத்தை வைத்துப் பக்கத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதற்குள் அது அழிக்கப்பட்டும் இருக்கலாம்.