மது இல்லாத பாட்டிலில் நிம்மதி எங்கிருந்து வருகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புரட்டாசி பிறந்துவிட்டால், இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதி வீடுகளில் கறியும் மீனும் நின்றுவிடும், கூடவே மதுவும். தமிழ் பேசுவதை விட்டுவிட்ட குடும்பங்கள் இங்கே எத்தனையோ உண்டு. அவர்களும் புரட்டாசியை விடவில்லை.

போன சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போட்டு, வாழையிலையில் சாப்பிட்டு முடித்த நேரம், மச்சான் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஆறு பாட்டில்கள். ஒரு சொட்டு மது கிடையாது, குடித்தால் மனம் லேசாகும் என்று மேலே எழுதியிருந்தது. சித்தி ஆசையாக கிளாஸை நீட்டினார். நான் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தேன். காபா, தியானைன், அஸ்வகந்தா, கான்னா.

"சித்தி, கொஞ்சம் இருங்க" என்றேன். ஏன் தடுத்தேன் என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் மது என்ன செய்கிறது என்று பார்ப்போம். மூளையில் நரம்பணுக்களைத் தூண்டிவிட குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, அடக்கிவைக்க காபா இருக்கிறது. மது காபாவின் பிடியை இறுக்குகிறது, குளூட்டமேட்டின் கையைக் கட்டுகிறது. அதனால்தான் இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் தோள்பட்டை தளர்கிறது, கூச்சம் போகிறது. மூளை சும்மா இருக்காது, சமநிலைக்காக எதிர்ப்பக்கம் சாய்ந்துகொள்கிறது. மது இறங்கிய பிறகும் அந்தச் சாய்வு உடனே நிமிர்வதில்லை. விடிகாலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க விழிப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மதுவில் கிடைத்த தளர்வு இப்படி விடிவதற்குள் பதற்றமாகத் திரும்பி வருகிறது.

அப்படியானால் காபாவையே பாட்டிலில் ஊற்றிக் குடித்தால் என்ன? யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் நுழைந்துவிட முடியாதபடி, மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர்கள் நெருக்கமாகத் தைத்ததுபோல் மூடியிருக்கின்றன. வாயால் குடித்த காபாவில் மிகக் கொஞ்சம்தான் அந்தச் சுவரைத் தாண்டும். பட்டியலில் அதன் பெயரைப் பார்த்தவுடன் நிம்மதி நிச்சயம் என்று எண்ண வேண்டாம்.

தியானைன் கதை வேறு. இது தேயிலையில் இயற்கையாகவே இருக்கும் அமினோ அமிலம். 1949இல் ஜப்பானில் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். உருவத்தில் இது குளூட்டமேட்டின் நெருங்கிய உறவு. மற்ற அமினோ அமிலங்கள் ஏறிப்போகும் அதே வண்டியில் ஏறி மூளைக்குள் போய்விடுகிறது. போன கொஞ்ச நேரத்தில் ஆல்ஃபா அலைகள் கூடுவதைத் தலையில் மின்முனை ஒட்டி அளந்திருக்கிறார்கள். கண்ணை மூடி, தூங்காமல், அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது மூளையில் எழும் அலை அது. தேநீரில் காபியைப்போலவே கஃபீன் இருந்தும் காபி தரும் படபடப்பு பலருக்கு வராததற்கு இந்தத் துணைதான் காரணம் என்று கருதுகிறார்கள்.

இதில் அளவுதான் முக்கியம். பல ஆய்வுகளில் கொடுத்தது 200 மில்லிகிராம். ஒரு கப் சாயத்தேநீரில் இருப்பது ஏறத்தாழ 25. மச்சான் வாங்கிவந்த பாட்டிலில் எத்தனை? எழுதவே இல்லை. நான்கு சரக்கையும் சேர்த்துக் "கலவை" என்று ஒரே எண்ணைப் போட்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. சரக்கின் பெயரைச் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் அளவையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் ராத்திரி குடிக்கும் ரூய்போஸ் என்ற மூலிகைத் தேநீரில் தியானைன் கிடையாது. அது தேயிலைச் செடியே இல்லை. கேப் பக்கத்து செடர்பெர்க் மலைகளில் வளரும் பயறு வகைச் செடி. கஃபீனும் அதில் இல்லை. அதனால் தூக்கத்தைக் கெடுக்காது.

அஸ்வகந்தா நமக்குப் புதிதில்லை. சித்த வைத்தியத்தில் பாலில் கலந்து கொடுக்கும் அமுக்கராதான் அது. இந்தியாவிலிருந்து மட்டும் வருவது என்று நினைத்திருந்தேன். தென்னாப்பிரிக்காவிலும் தானாகவே வளர்கிறது, உபுவிம்பா என்று இங்கே அதற்குப் பெயரும் இருக்கிறது. கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை இது குறைப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றில் வேர்ச்சாற்றை நாள்தோறும் வாரக்கணக்கில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சாயங்காலம் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு அமுக்கரா வேலை செய்ததென்று சொல்ல முடியாது. கர்ப்பிணிகளும் தைராய்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

இனி கான்னா. இந்த நாட்டின் சொந்த மூலிகை, என்னை அதிகம் ஈர்ப்பதும் இதுதான். கரூ, நமக்குவாலாந்து வறண்ட நிலங்களில் தரையோடு படர்ந்து வளரும், தடித்த இலைகள் கொண்ட சின்னச் செடி. சான் மக்களும் கொய்கொய் மக்களும் தலைமுறை தலைமுறையாக மென்றுவந்தது. ஆஃப்ரிக்கான்ஸில் இதற்கு கௌகூட் என்று பெயர், மெல்லுகிற பொருள் என்று அர்த்தம். 1685இல் நமக்குவாலாந்துக்குப் போன, அப்போது கேப் பகுதியை நிர்வகித்த டச்சுக்காரர் சைமன் வான் டெர் ஸ்டெல்லின் பயணக் குறிப்பிலேயே இந்தச் செடி வந்துவிட்டது. பறித்து, நசுக்கி, பைக்குள் கட்டிவைத்துச் சில நாள் புளிக்கவிட்டு, பிறகு வெயிலில் காயவைப்பார்கள். புளிக்கும்போது அதிலுள்ள ஆல்கலாய்டுகள் என்ற வேதிப்பொருள்களின் விகிதம் மாறுகிறது.

அவற்றில் முக்கியமானது மெசெம்பிரின். நரம்பணு ஒன்று மற்றதற்குச் சேதி அனுப்ப செரட்டோனின் என்ற வேதிப்பொருளை வெளியே விடும். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். மெசெம்பிரின் அந்த இழுப்பைத் தடுக்கிறது, செரட்டோனின் கொஞ்சம் கூடுதல் நேரம் வெளியே நிற்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 16 பேருக்குக் கான்னாச் சாறு 25 மில்லிகிராம் ஒரே தடவை கொடுத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். பயந்த முகங்களைப் பார்க்கும்போது பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா வழக்கத்தைவிடக் குறைவாகவே துடித்தது. பதினாறு பேரை வைத்து ஊருக்கெல்லாம் முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் பழங்குடிகளின் அனுபவத்தை மூளைப் படத்தில் கண்ட ஆய்வு என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு.

சித்தியை நான் தடுத்தது இந்தச் செடிக்காகத்தான். மூன்று வருஷமாக அவர் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார் (எழுதலாம் என்று அவரே சொன்னார்). அந்த மாத்திரையும் செரட்டோனின் திரும்ப உள்ளே போவதைத்தான் தடுக்கிறது. மாத்திரையோடு கான்னாவும் சேர்ந்தால் செரட்டோனின் அளவுமீறிப் போகலாம். நடுக்கம், வியர்வை, காய்ச்சல், படபடப்பு, குழப்பம் என்று போய், மோசமானால் உயிருக்கே ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் இரண்டையும் சேர்க்கவே கூடாது. அந்த எச்சரிக்கை பாட்டிலில் ஒரு வரிகூட இல்லை.

மச்சானுக்கு முகம் வாடிவிட்டது. "அப்போ இதெல்லாம் ஏமாத்து வேலையா?" என்றார். இல்லை. அவர் ஒரு மடக்கு குடித்ததும் முகம் மலர்ந்ததை நானும் பார்த்தேன். அந்த வேகத்தில் எந்த மூலிகையும் மூளைக்குப் போய்ச் சேராது, அது நாக்கின் வேலை. மிளகாய் பட்டால் எரிச்சலைச் சொல்லும் ஒரு ஏற்பி வாயில் இருக்கிறது. சாதாரணமாக 42 டிகிரி வெப்பத்தில் விழிப்பது. மது பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்ளும், அதாவது உடம்பின் சூடே அதற்குச் சுடுகிறது. சாராயம் தொண்டையில் எரிவது இதனால்தான். இஞ்சியின் காரமும் அதே ஏற்பியைத்தான் தட்டுகிறது. அதனால்தான் மது இல்லாத பானங்கள் பலவற்றில் இஞ்சி சேர்க்கிறார்கள். எரிச்சல், கசப்பு, கையில் கிளாஸ், பக்கத்தில் சிரிக்கிற சொந்தம் எல்லாம் கூடினால், வேலை முடிந்தது, இனி இளைப்பாறலாம் என்று பழகிய மூளை தானே தளர்ந்துகொடுக்கிறது.

சித்தி கிளாஸைக் கீழே வைக்கவில்லை. அடுக்களைக்குப் போய் வெல்லம் கரைத்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து ஒரு சொம்பு பானகம் கலக்கிக்கொண்டு வந்தார். சுக்கைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டுவிட்டார். ஒரு மடக்கில் மச்சானுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுபடியும் கிளாஸை நீட்டினார்.