துணைவேந்தர்: யாருக்குத் துணை?

பட்டமளிப்பு விழா மேடையில் நடு நாற்காலி பெரும்பாலும் ஆளுநருக்கு, அவர்தான் வேந்தர். ஆனால் வீட்டுப் பெட்டியிலிருக்கும் பட்டச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், அடியில் துணைவேந்தரின் கையெழுத்து இருக்கும். விழா முடிந்து வேந்தர் காரேறிய பிறகு பல்கலைக்கழகத்தை நடத்துகிறவர் அவரே. இதில் ‘துணை’ எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தின் ‘வைஸ் சான்சலர்’ தமிழானபோது வந்தது. ‘வைஸ்’ என்பதன் இலத்தீன் மூலத்துக்கு ‘ஒருவருடைய இடத்தில் நின்று’ என்று பொருள், உதவியாள் என்பதன்று. ‘சான்சலர்’ கதை இன்னும் சுவையானது. ரோமானிய நீதிமன்றத்தில் மரக்கிராதி ஓரம் நின்ற ஏவலரின் பெயர்தான் அது. எழுதியதைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு ‘கேன்சல்’ செய்கிறோமே, அந்தச் சொல்லும் அதே கிராதியிலிருந்து பிறந்தது. தமிழோ அந்த ஏவலருக்கு முடிசூட்டிவிட்டது. வேய்தல் என்றால் சூடுதல். முடி வேய்ந்தவர் வேந்தர் என்று விளக்கம் சொல்வார்கள்.

பரோடாவில் இந்த மொழிபெயர்ப்பு நேராகவே பலித்தது. அங்கே மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்துக்கு கெய்க்வாட் அரச குடும்பத்தாரே வேந்தர்களாக இருந்திருக்கிறார்கள். 1949இல் அதன் துணைவேந்தரானவர் ஹன்சா மேத்தா, பரோடா திவானாக இருந்தவரின் மகள். இருபாலரும் படிக்கும் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு முதல் பெண் துணைவேந்தர். 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவுக் கூட்டத்தில் இந்தியப் பெண்களின் சார்பில் தேசியக் கொடியை அரசியல் நிர்ணய சபைக்கு வழங்கியவரும் அவரே. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்துக்கான வரைவில் ‘மென்’ என்று இருந்ததை ‘மனிதப் பிறவிகள்’ என்று மாற்ற வாதாடி வென்றார். ‘மென்’ என்றால் ஆண்கள் மட்டும் என்று சில நாடுகள் படித்துக்கொள்ளும் என்பது அவர் அச்சம். சொல்லில் இவ்வளவு கவனமுள்ளவருக்குத் தமிழ்ப் பதவிப்பெயர் பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன். வேந்தன் ஆண், வேந்தர் இருபாலுக்கும் பொது. 2011இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வசந்தி அரசரட்ணம் முதல் பெண்ணாகப் பொறுப்பேற்றபோது பதவிப்பெயரில் ஓர் எழுத்தைக்கூட மாற்றத் தேவைப்படவில்லை. (இலங்கையில் ‘உபவேந்தர்’ என்றும் எழுதுவதுண்டு.)

அமெரிக்காவில் இதே வேலையைச் செய்பவர் ‘பிரசிடென்ட்’. ஹார்வர்டுக்கு 2007இல் ட்ரூ ஃபாஸ்ட் முதல் பெண்ணாக வந்தார். அவரை ‘அதிபர்’ என்று எழுதினால் சென்னை வாசகர் வெள்ளை மாளிகையை நினைப்பார், யாழ்ப்பாண வாசகர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரை நினைப்பார். ‘பல்கலைக்கழகத் தலைவர்’ என்றே எழுதலாம்.